பழைய பிளேஸ்டேஷன் 2, புதிய டிவி: படம் வருகிறது, ஒலி வரவில்லை

பல்லடம் தறிக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்ங்க. என் தாய்மாமா 2003-ஆம் ஆண்டு வாங்கிக் கொடுத்த பிளேஸ்டேஷன் 2 என்ற வீடியோ கேம் கருவி (கன்சோல்) ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்னாளில் வந்த மெலிந்த வகை அல்ல. பின்புறம் மின்விசிறியும் மெயின் சுவிட்சும் உள்ள கனமான முதல் வகை. நானும் தங்கையும் பள்ளி விடுமுறைகளை அதன் முன்னால்தான் கழித்தோம். பிறகு பல ஆண்டுகள் தறிக்குடோனை ஒட்டிய அறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டில் அது கிடந்தது. மாமா இப்போது இல்லை. பொங்கலுக்குத் தங்கையின் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கையில் இதைக் கொடுத்து, உங்கள் தாத்தா வாங்கித் தந்தது என்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பெட்டி உயிரோடு இருக்கிறது, டிஸ்க் சுழல்கிறது, படமும் வருகிறது, ஒலிதான் வரவில்லை. பழைய பிக்சர் டியூப் டிவியை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டோம். இப்போதிருப்பது 43 அங்குல எல்இடி டிவி. அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்புச் சாக்கெட்டுகள் கிடையாது. ஏவி என்று எழுதிய 3.5 மி.மீ. துளை ஒன்றும், எச்டிஎம்ஐ சாக்கெட்டுகள் மூன்றும் இருக்கின்றன. இரண்டு வழிகளில் முயன்று பார்த்தேன்.

முதலில், ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் மூன்று வண்ணச் சாக்கெட்டுகளும் உள்ள சிறிய ஒயர் ஒன்றைக் கடைவீதியில் வாங்கி, கன்சோலின் மூன்று பின்களையும் வண்ணம் பார்த்துச் செருகினேன். படம் நிறமில்லாமல் நெளிந்தபடி வந்தது. விளையாட்டின் ஒலிக்குப் பதிலாக ஸ்பீக்கரில் பலமான ‘உர்ர்’ சத்தம் கேட்டது. திரையில் காட்சி மாறும்போதெல்லாம் அந்தச் சத்தமும் மாறியது.

அடுத்து, கன்சோலின் பின்புறம் நேரடியாகச் செருகும் சிறிய எச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்றை வரவழைத்தேன். படத்தில் முதலில் நிறம் கெட்டிருந்தது. கன்சோலின் அமைப்பு மெனுவில், நிறச் சிக்னலை எந்த முறையில் அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் கம்போனன்ட் வீடியோ என்ற இடம் ஆர்ஜிபி என்று இருந்ததை மற்றொன்றுக்கு மாற்றியவுடன் நிறம் சரியாகிவிட்டது. ஆனால் ஒலி சிறிதும் இல்லை. இரைச்சல்கூட இல்லை, முழு அமைதி.

பக்கத்து ஊரில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், போர்டில் ஒலிப்பகுதி போய்விட்டது, மாற்றப் பொருள் கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே கன்சோல்தான் பழுதா, அல்லது இடையில் வேறு எங்காவது சிக்கலா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்ய வழி இருக்கிறதா? என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. தறி மோட்டார் வேலைக்காக வாங்கியது. வயரிங் வேலை ஓரளவு தெரியும்.


சிங்காநல்லூர் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதிய விவரத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கன்சோலை இப்போதே கைவிட எந்தக் காரணமும் இல்லை. ரேடியோ, டேப், டிவி என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பழுது பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இரண்டு வழிகளிலும் ஒலி வரவில்லை என்பதால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று அந்தக் கடைக்காரர் முடிவு செய்திருக்கிறார். உங்கள் அடையாளங்களோ வேறு வேறு. ஒன்றில் ‘உர்ர்’ சத்தம், மற்றொன்றில் முழு அமைதி. ஒரே பழுது இப்படி இரண்டு முகம் காட்டுவது அரிது. ஆகவே முதலில் டிவியை மறந்துவிட்டு, கன்சோலைத் தனியாக நிறுத்திச் சோதியுங்கள்.

வீட்டில் வெள்ளை, சிவப்பு உள்ளீடு கொண்ட ஹோம் தியேட்டர் அல்லது பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது இருக்கும். கன்சோலோடு வந்த பழைய மூன்று வண்ண ஒயரின் வெள்ளையையும் சிவப்பையும் மட்டும் அதில் செருகுங்கள். மஞ்சள் சும்மா தொங்கட்டும். ஒலி அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, டிஸ்க் எதுவும் போடாமல் கன்சோலை இயக்குங்கள். பிளேஸ்டேஷன் 2 இயங்கத் தொடங்கும்போதே அதற்கென்று ஒரு ஒலி உண்டு. மெனுவில் மேலும் கீழும் நகர்த்தினால் ஒவ்வொரு நகர்வுக்கும் மெல்லிய ஒலி கேட்கும். அது கேட்டால் போர்டு நலம். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், வெள்ளையையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமையான பக்கமும் கூடவே இடம் மாறினால் குறை கன்சோலிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரே ஊமையாக இருந்தால் குறை ஆம்ப்ளிஃபயர் பக்கம்.

இனி அந்த 3.5 மி.மீ. ஒயர். நான் பெரிதும் சந்தேகப்படுவது அதைத்தான். பின்னை எடுத்து அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் அது ஹெட்ஃபோனுக்கான மூன்று தொடர்புப் பின்; ஏவி துளைக்கு உதவாது. மூன்று கோடுகள் இருந்தால் நான்கு தொடர்புகள் கொண்டது, வடிவத்தில் சரியானது. ஆனால் வடிவம் சரியாக இருப்பது மட்டும் போதாது. நுனி, முதல் வளையம், இரண்டாம் வளையம், அடிப்பகுதி என்ற அந்த நான்கு இடங்களில் எதில் படம், எதில் இடது ஒலி, எதில் வலது ஒலி, எதில் கிரவுண்ட் (மூன்றுக்கும் பொதுவான திரும்பு பாதை) என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே வரிசையைப் பின்பற்றவில்லை. சிலர் கிரவுண்டை இரண்டாம் வளையத்தில் வைக்கிறார்கள், சிலர் அடிப்பகுதியில் வைக்கிறார்கள். கடைவீதியில் எல்லா ஒயரும் ஒரே கொக்கியில் தொங்கும். வெளியில் பார்த்து வேறுபாடு காண முடியாது.

உங்கள் டிவியும் அந்த ஒயரும் வெவ்வேறு வரிசையில் இருந்தால், படத்துக்கான சிக்னல் ஒலிப்பகுதிக்குள் போய்விடும். ஸ்பீக்கர் அதை ஒலியாக்க முயலும்போது கேட்பதுதான் அந்த ‘உர்ர்’. உங்கள் கன்சோல் என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறை) வகையானால் நொடிக்கு 60 முறையும், பிஏஎல் (PAL, நம் நாட்டின் டிவி முறை) வகையானால் 50 முறையும் திரை புதுப்பிக்கப்படுகிறது. அந்தத் துடிப்பைத்தான் காது கேட்கிறது. காட்சியோடு சேர்ந்து சத்தமும் மாறுகிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அதுவே இதற்கு உறுதியான அடையாளம். இருண்ட திரையில் ஒரு விதமாகவும் வெள்ளை எழுத்து நிறைந்த திரையில் கரகரப்பாகவும் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு வரிசைப் பிழை என்று சொல்லிவிடலாம்.

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் (இரு முனைகளுக்கிடையே தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள். ஒயரை எதிலும் செருகாமல், மூன்று வண்ணச் சாக்கெட்டுகளில் ஒன்றின் வெளி உலோக வளையத்தில் ஒரு முனையை வைத்து, மற்றொரு முனையால் பின்னின் நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எங்கே ஒலிக்கிறதோ அதுதான் கிரவுண்ட். அதேபோல மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகியவற்றின் நடுத்துளைகளையும் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, டிவியின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். கிரவுண்ட் ஒத்துப்போய், மற்ற மூன்று மட்டும் இடம் மாறியிருந்தால் வேறு ஒயரே தேவையில்லை. வண்ணத்தை மதிக்காமல் பின்களை மாற்றிச் செருகினால் போதும். மூன்று பின்களுக்கு ஆறு வரிசைகள்தான் இருக்க முடியும். படத்தின் சிக்னல் ஏறத்தாழ 1 வோல்ட் அளவே என்பதால், மாற்றிச் செருகிப் பார்ப்பதில் டிவிக்குக் கேடு வராது. ஒலியை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டே ஒத்துப்போகவில்லை என்றால் எப்படி மாற்றினாலும் படம் நெளியும், சத்தமும் போகாது. உங்கள் படம் நிறமிழந்து நெளிவதைப் பார்த்தால் இந்த இரண்டாவது நிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எச்டிஎம்ஐ அமைதியை, முதல் சோதனை முடிந்த பிறகு பார்ப்போம். ஒரே நாளில் இரண்டையும் கலந்து பார்த்தால் எது எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.


பல்லடம் தறிக்காரர் எழுதியது:

ஐயா, மிகவும் நன்றிங்க. சொன்னபடியே வரிசையாகச் செய்தேன்.

ஹோம் தியேட்டரில் இணைத்து இயக்கியதும் அந்தத் தொடக்க ஒலி கேட்டது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உன் மாமா பெட்டியா என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு அந்த ஒலி நினைவில் இருந்திருக்கிறது.

ஆனால் இடது பக்கம் மட்டுமே கேட்டது. வெள்ளை, சிவப்பை மாற்றியபோது ஊமைப் பக்கமும் இடம் மாறியது. கன்சோலின் பின்புறச் சாக்கெட்டில் அந்த ஒயரைச் சற்று அசைத்தால் வலது பக்கம் வந்து வந்து போகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சுத் தூசி அடை அடையாகப் படிந்திருக்கிறது. தறிக்குடோன் பக்கத்தில் வைத்த எந்தப் பொருளுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்திருக்கிறது. முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் சோதனையில், கடைவீதி ஒயரில் கிரவுண்ட் அடிப்பகுதியில் இருக்கிறது. டிவி கையேட்டின் படத்தில் கிரவுண்ட் இரண்டாம் வளையத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே இரண்டாவது நிலைதாங்க.

புதிதாக ஒரு சந்தேகம். திரையைப் பார்க்க மஞ்சளை டிவியிலும் செருகிக்கொண்டு ஹோம் தியேட்டரை இணைத்திருந்தபோது, எதுவும் ஓடாத நேரத்திலும் அடியில் ஓர் ஒரே சீரான ரீங்காரம் கேட்டது. அது காட்சியோடு மாறவில்லை. இதுவும் பஞ்சுத் தூசியால்தானா?


பவானி இயற்பியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஒயர் வரிசை பற்றிப் பட்டறை அண்ணா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காட்சியோடு மாறும் சத்தத்தையும் காட்சிக்குத் தொடர்பில்லாமல் ஒரே சுருதியில் நிற்கும் ரீங்காரத்தையும் நீங்கள் பிரித்துக் கேட்டது மிகவும் நல்லது. முதலாவது படச் சிக்னலின் சத்தம். இரண்டாவது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வோ அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸோ ஆகும். பெரும்பாலும் அது கிரவுண்ட் சுற்று என்ற காரணத்தால் வருகிறது. உங்கள் கன்சோலின் மின் ஒயர் இரண்டு பின் கொண்டது. அதற்கு எர்த் கிடையாது. ஹோம் தியேட்டர் மூன்று பின் கொண்டதாக இருந்தால் அது வீட்டு எர்த்தைத் தொட்டு நிற்கிறது. மறுபக்கம், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரின் வெளிக்கவசம் தெருவில் வேறோர் இடத்தில் எர்த்தைத் தொட்டிருக்கலாம். செட்டாப் பாக்ஸ் டிவியோடும், டிவி கன்சோலோடும், கன்சோல் ஹோம் தியேட்டரோடும் இணைந்திருக்கும்போது, இரண்டு எர்த் புள்ளிகளுக்கு நடுவே உங்கள் ஒலி ஒயரின் கவசம் ஒரு பாலமாகிவிடுகிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே உள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு அந்தப் பாலத்தின் வழியே ஓடும்போது ரீங்காரமாகக் கேட்கிறது.

சோதனை மிக எளிது. எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கேபிள் ஒயரை மட்டும் திருகிக் கழற்றுங்கள். ரீங்காரம் அந்தக் கணமே நின்றால் காரணம் இதுதான். நிற்காவிட்டால், கன்சோலிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரையும் கழற்றி, கன்சோலும் ஹோம் தியேட்டரும் மட்டும் இணைந்த நிலையில் கேளுங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ரீங்காரத்தைப் போக்க ஹோம் தியேட்டர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. சத்தம் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஏதேனும் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் கன்சோலின் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் குழந்தையின் கைக்கு வரலாம். பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதற்கென்றே கிரவுண்ட் ஐசொலேட்டர் என்று ஒரு சிறு பொருள், வெள்ளை, சிவப்புப் பின்களோடு, கார் ஆடியோ விற்கும் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது ஒலிக்கான சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். கம்பித் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் காந்தப் புலத்தின் வழியே கடத்துகின்றன. மலிவானவற்றில் தாழ்ந்த ஒலி சற்றுக் குறையும். விளையாட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது.

ஒலி ஒயரை மின் ஒயரோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிவைப்பதும் ரீங்காரத்தைக் கூட்டும். இரண்டும் குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள்.


சிங்காநல்லூர் பட்டறை எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னது முற்றிலும் சரி. எர்த் பின் உடைத்த பிளக்குகள் என் மேசைக்கு வாரம் ஒன்றாவது வருகின்றன.

தம்பி, பஞ்சுத் தூசிக்கு வருவோம். மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். முதலில் ஈரமில்லாத மென்மையான பிரஷ்ஷால் தூசியை வெளியே இழுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போனால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தொடர்புக் கம்பிகளைத் துடையுங்கள். ஒயரின் பிளக்கையும் அவ்வாறே துடைத்துவிட்டு, நான்கைந்து முறை செருகிக் கழற்றுங்கள்; உரசலிலேயே மேல் படிந்த கறை போகும். அரை மணி நேரம் உலரவிட்டுப் பிறகு இயக்குங்கள். அந்தச் சாக்கெட்டில் பன்னிரண்டு தொடர்புகள் நெருக்கமாக இருக்கின்றன, ஆகவே ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடக் கூடாது. இதற்குப் பிறகும் வலது ஒலி விட்டுவிட்டு வந்தால், சாக்கெட்டின் கால்கள் போர்டில் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கும். அது சால்டரிங் வேலை, அப்போது மட்டும் திறக்கலாம்.

அடுத்து எச்டிஎம்ஐ. கன்சோலிலிருந்து ஒலி வருவது இப்போது உறுதியாகிவிட்டதால் மீதியிருப்பது அடாப்டரும் டிவியும்தான். அந்த அடாப்டரின் பக்கவாட்டில் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளை இருக்கும். அதில் ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அங்கே ஒலி வந்தால் கன்சோலிலிருந்து அடாப்டர் வரை பாதை நன்றாக இருக்கிறது. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அதே எச்டிஎம்ஐ சாக்கெட்டில் செட்டாப் பாக்ஸைச் செருகுங்கள். அதில் ஒலி வந்தால் டிவியின் ஸ்பீக்கரும் சாக்கெட்டும் நலம். இரண்டும் நலமாக இருந்து, இரண்டையும் சேர்த்தால் மட்டும் அமைதி என்றால், டிவியின் அமைப்பைப் பாருங்கள். சில டிவிகளில் ஒரு சாக்கெட்டுக்குக் கணினி என்றோ டி.வி.ஐ. என்றோ பெயர் வைத்துவிட்டால், ஒலி தனி ஒயரில் வரும் என்று எண்ணி எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியை அது ஏற்காது. பழைய டி.வி.ஐ. சாக்கெட்டில் படம் மட்டுமே வரும், ஒலி வராது என்ற காலத்தின் மிச்சம் அது.

இன்னொன்று. உங்கள் கன்சோலின் பின்புறம் டிஜிட்டல் அவுட் என்று எழுதிய ஆப்டிகல் துளை (ஒலியை ஒளியாக அனுப்புவது) இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிவியின் பின்னாலும் அதேபோல ஒரு துளை இருக்கும். இரண்டையும் இணைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று வருந்துபவர்கள் பலர். டிவியில் இருப்பது வழக்கமாக வெளியேற்றும் துளை. கன்சோலில் இருப்பதும் வெளியேற்றும் துளை. இரண்டு வாய்கள் பேசினால் கேட்கக் காது இல்லை. ஆப்டிகல் உள்ளீடு கொண்ட சவுண்ட்பார் இருந்தால் மட்டும் அது பயன்படும். அப்போதும் கன்சோல் மெனுவில் ஆப்டிகல் வெளியீட்டை இயக்கி வைக்க வேண்டும்.


கோபி வாசகர் எழுதியது:

இந்தக் கேள்வியை ஒட்டியே என் சிக்கலும் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்க வேண்டுகிறேன். என்னிடம் இருப்பது அதைவிடப் பழையது. தொண்ணூறுகளில் கேட்ரிட்ஜ் போட்டு விளையாடிய, சீனாவில் செய்த டிவி கேம். அதில் வண்ணப் பின்கள் எதுவும் இல்லை, ஆன்டெனா ஒயர் மட்டும்தான். டிவியில் தேடுதல் கொடுத்தால் படம் அருமையாக நிற்கிறது. ஒலிக்குப் பதிலாக ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் வருகிறது. சேனலைச் சற்று நகர்த்தினால் ஒலி மங்கலாகக் கேட்கிறது; ஆனால் படம் கெட்டுவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாதா?


சிங்காநல்லூர் பட்டறை எழுதியது:

கோபித் தம்பி, நீங்கள் எழுதிய கடைசி இரண்டு வரிகளிலேயே விடை இருக்கிறது. ஆன்டெனா ஒயர் வழியாக வரும்போது படமும் ஒலியும் இரண்டு தனித்தனி அலைகளில் ஏறி வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி நாட்டுக்கு நாடு வேறு. தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பு பின்பற்றிய பி வகையில் அது 5.5 மெகா ஹெர்ட்ஸ். சீனா பின்பற்றிய டிகே வகையில் 6.5. ஹாங்காங்கின் ஐ வகையில் 6. ஜப்பான், அமெரிக்காவின் எம் வகையில் 4.5. உங்கள் டிவி படத்தைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து 5.5 தள்ளி ஒலியைத் தேடுகிறது. உங்கள் டிவி கேம் அநேகமாக 6.5 தள்ளி அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிவி தேடும் 5.5 இடத்தில் ஒன்றும் இல்லாததால் இரைச்சல் கேட்கிறது. நீங்கள் சேனலை நகர்த்தும்போது டிவியின் காது ஒலியை நெருங்குகிறது, கண் படத்தை விட்டு விலகுகிறது.

டிவியில் அனலாக் மேனுவல் டியூனிங் என்ற பகுதிக்குப் போனால், ஒலி முறை என்ற பொருளில் பிஜி (மேலே சொன்ன பி வகை இதில் அடங்கும்), டிகே, ஐ என்று தெரிவுகள் இருக்கும். படம் நன்றாக நிற்கும் இடத்தில் சேனலை வைத்துவிட்டு, அந்தத் தெரிவை மட்டும் டிகே என்று மாற்றிச் சேமியுங்கள். தானியங்கித் தேடுதலை மீண்டும் கொடுத்தால் அது பழையபடி பிஜிக்கே திரும்பிவிடக்கூடும், ஆகவே கையால் சேமிப்பதே நல்லது.

வண்ணப் பின்கள் உள்ள பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்தக் காலத்து எட்டு பிட் கருவிகள் பெரும்பாலும் மோனோ. ஒலிக்கு ஒரே பின்தான் இருக்கும். அதை டிவியின் வெள்ளையில் செருகும்போது ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கருவி பழுது என்று எண்ணக் கூடாது; ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஒயர் போட்டால் இரு பக்கமும் கேட்கும். அதற்கு அடுத்து வந்த பதினாறு பிட் கன்சோலான சேகா மெகா டிரைவின் முதல் வடிவத்தில் பின்புற ஏவி சாக்கெட்டில் வருவது மோனோ ஒலி. ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்புறம் உள்ள ஹெட்ஃபோன் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.


பல்லடம் தறிக்காரர் எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் வணக்கம். நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் அவசரப்படவில்லை.

சாக்கெட்டைச் சுத்தம் செய்தபோது வந்த பஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. உலர்ந்த பிறகு இயக்கினேன். வலது பக்கம் முழுதாக வந்துவிட்டது. ஒயரை அசைத்தாலும் விட்டுப்போகவில்லை. போர்டைத் திறக்க வேண்டியே வரவில்லை.

3.5 மி.மீ. ஒயருக்காகப் புதிதாக வாங்கலாம் என்று கிளம்பியபோது, டிவி வந்த அட்டைப்பெட்டி அட்டாலியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை இறக்கிப் பார்த்தால், தெர்மாகோலின் பள்ளத்தில் டிவிக்கென்றே கொடுத்த அதே வகை ஒயர் பிரிக்கப்படாத பையில் இருந்தது. மல்டிமீட்டரில் கிரவுண்ட் இரண்டாம் வளையத்தில் ஒலித்தது. செருகியதும் நிறத்தோடு படமும், ‘உர்ர்’ இல்லாத ஒலியும் ஒன்றாக வந்தன.

எச்டிஎம்ஐயில், அடாப்டரின் ஹெட்ஃபோன் துளையில் ஒலி வந்தது. செட்டாப் பாக்ஸை அதே சாக்கெட்டில் செருகியபோதும் ஒலி வந்தது, ஆனால் மிகவும் யோசித்த பிறகு தெரிந்தது, நான் சோதித்தது இரண்டாம் எண் சாக்கெட். அடாப்டரைச் செருகியிருந்தது மூன்றாம் எண். மூன்றாம் எண்ணுக்கு, முன்பு அலுவலகக் கணினியை இணைத்தபோது டி.வி.ஐ. பிசி என்று பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயரை நீக்கியவுடன் ஒலி வந்துவிட்டது.

ரீங்காரமும் அக்கா சொன்னபடியே, கேபிள் ஒயரைக் கழற்றிய அந்தக் கணமே நின்றது. ஐசொலேட்டர் வாங்க சனிக்கிழமை காந்திபுரம் போகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஹோம் தியேட்டரின் ஒலி நன்றாக இருப்பதால், படத்தை எச்டிஎம்ஐ வழியாகவும், ஒலியை அடாப்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஹோம் தியேட்டருக்கும் கொடுத்தேன். இப்போது அடி விழும் ஒலி முன்பாகவும், திரையில் அடி விழுவது பின்பாகவும் வருகிறது. சிறிய வேறுபாடுதான், ஆனால் ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அது மட்டுமே கண்ணில் படுகிறது.


பவானி இயற்பியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, ஒலி சரியான நேரத்தில்தான் வருகிறது, படம்தான் தாமதிக்கிறது. பிளேஸ்டேஷன் 2-இன் பெரும்பாலான விளையாட்டுகள் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி அனுப்புகின்றன. பிக்சர் டியூப் டிவி அவற்றை வந்தபடியே வரைந்துவிடும். எல்இடி டிவியோ இரண்டையும் சேர்த்து முழுப் படமாக்கி, தன் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, அசைவைச் சீராக்கி, அதன் பிறகே காட்டுகிறது. இந்த வேலைக்கு ஆகும் நேரம்தான் நீங்கள் காணும் இடைவெளி. ஒலியும் டிவி வழியாகப் போனால், டிவி அதையும் அதே அளவு நிறுத்தி வைத்துச் சேர்த்தே வெளியிடும். ஹோம் தியேட்டருக்கு நேரடியாகக் கொடுத்ததால் அது காத்திருக்கவில்லை.

டிவியின் பட அமைப்பில் கேம் மோட் என்று இருக்கும். அதை இயக்கினால் இந்த வேலைகளில் பலவற்றை டிவி விட்டுவிடும், இடைவெளி பெரிதும் குறையும். பொத்தானை அழுத்தும்போதும் பதில் விரைவாக வரும்; பிள்ளைகள் முதலில் கவனிப்பது அதைத்தான். அதற்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால், ஹோம் தியேட்டரை அடாப்டரில் இணைக்காமல் டிவியின் ஒலி வெளியீட்டில் இணைத்துவிடுங்கள்.


கோபி வாசகர் எழுதியது:

பட்டறை அண்ணா, டிகே என்று மாற்றியதும் இரைச்சல் நின்று, பாட்டு வந்துவிட்டது. என் மகன் அதைக் கேட்டுக்கொண்டே இரவு பத்து மணி வரை எழவில்லை.


பல்லடம் தறிக்காரர் எழுதியது:

கேம் மோட் போதுமானதாக இருக்கிறது, அக்கா. காந்திபுரத்தில் ஐசொலேட்டரும் கிடைத்தது. கேபிள் ஒயர் இணைந்திருக்கும்போதே ரீங்காரம் இல்லை. கன்சோலைத் தறிக்குடோன் பக்கத்திலிருந்து வீட்டின் முன்னறைக்கு மாற்றி, மேலே துணி உறை தைத்துப் போட்டிருக்கிறேன். டிவியோடு வந்த ஒயரில், நுனி முதல் அடி வரை நான்கு இடங்களின் வரிசையையும் ஒரு சீட்டில் எழுதிச் சுற்றி ஒட்டிவிட்டேன். கடைவீதி ஒயரையும் எறியவில்லை. அதன் வரிசையையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். யாருக்காவது கிரவுண்ட் அடிப்பகுதியில் உள்ள டிவி இருந்தால், பல்லடம் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.